இரண்டு கோட் சில்வர் பெயிண்ட்

எச்.ஆர். அதிகாரியின் அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: அதிகாரி, மெயின்டனன்ஸ் மேஸ்திரி, என் அறைத்தோழன், நான். வாசல் காவலாளியைப் பாதி ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் வராண்டாவிலுமாக நின்றார், கேட்டையும் பார்க்கணுமாம். வராதவர் ஒருவர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு சேட்டிலைட் கடிகாரம் வாங்கி வைத்த இன்ஜினியர். அவர் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து எந்த நாட்டுக்கோ போய்விட்டார். அவரோடு கடிகாரத்தின் கையேடும் போய்விட்டது. அவர் மட்டும் அந்த அறையில் இருந்திருந்தால், நான் ஒரு மாதம் முட்டாளாக உழைத்திருக்க வேண்டியதில்லை.

பேச்சு என் அறைத்தோழனின் ஒன்பது லேட் மார்க்கைப் பற்றியது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்து, ராயக்கோட்டை ரோட்டில் இருந்த எங்கள் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப்போகிறது. இரண்டு வருஷம் முடிந்தால் பெர்மனென்ட் ஆக்க வேண்டும், இல்லை வெளியே அனுப்ப வேண்டும். ஒரு வருஷத்தில் ஆறு லேட் மார்க்குக்கு மேல் போனால் வெளியேதான். இந்த விதியை எழுதியவர் எங்கள் அதிகாரி. அவர் கம்பெனிக்கு வருவது தினமும் ஒன்பதரைக்கு.

"நான் எட்டுக்கு ரெண்டு நிமிசம் இருக்கையிலயே கேட்டுக்குள்ள வாரேன் சார். கார்டுல எட்டு ரெண்டுன்னு விழுது. கடியாரம் ஓடுத ஓட்டம் சரியில்ல" என்றான் அவன்.

"உன் வாட்ச் எவ்வளவு?"

"நூத்தம்பது, சார்."

"கம்பெனி பஞ்சிங் மெஷின் இருபத்தி ரெண்டாயிரம். நான் எதை நம்பட்டும்?"

விலையை வைத்து நேரம் சொல்லும் இந்த முறையை நான் பாலிடெக்னிக்கில் படிக்கவில்லை. வாயைத் திறந்தவர் மேஸ்திரி. சேலத்துக்காரர். "ஸ்டோர்ல ரெண்டு பெட்டி கிடக்குதுங்களே சார், அந்த ராக்கெட்டு கடிகாரம். அதை ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடுமே" என்றார்.

அதிகாரி சிரித்தார். அந்தப் பெட்டிகள் செத்து வருஷக் கணக்காகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளமாகச் சொன்னார்: "ஓட்டிக் காட்டுங்க. அது சொல்ற டைமுக்கு நான் கட்டுப்படறேன். ஆயுத பூஜை முடிஞ்ச மறு வாரம் ஃபைலு பெங்களூரு ஹெட் ஆபீசுக்குப் போவுது. அதுக்குள்ள காட்டணும்."

ஓட்டிக் காட்ட வேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஃபைல் போக முப்பத்தெட்டு நாள் இருந்தது.

ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் துணை மின்நிலையங்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்துகொண்டிருந்தார்கள். எந்த சுவிட்ச் எந்த நொடியில் விழுந்தது என்பதை மைக்ரோ செகண்டில் சோதிக்க வேண்டிய வேலை. அதற்காக வாங்கியவை அந்த இரண்டு பெட்டிகளும். மேலே சுற்றும் ஜிபிஎஸ் சேட்டிலைட்டுகளிலிருந்து நேரத்தைப் பிடித்து, நிமிடத்துக்கொரு துடிப்பு அனுப்பும். பிறகு அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். நான் சேர்ந்தபோது நாங்கள் செய்துகொண்டிருந்தது டூ-வீலர் சைலன்ஸரைப் பிடிக்கும் க்ளாம்ப். க்ளாம்புக்கு மைக்ரோ செகண்ட் தேவையில்லை. பெட்டிகள் ஸ்டோரில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் போயின. மொட்டை மாடியில் ஆன்டெனாவும் அதிலிருந்து இறங்கும் கேபிளும் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றைக் கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் தினமும் நாலரையிலிருந்து ஏழு வரை ஸ்டோரில் உட்கார்ந்தேன். முதல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எலிக் குடும்பம் குடியிருந்து காலி செய்த அடையாளம். பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் வீங்கிக் கிடந்தன. நினைவுக்கான பேட்டரி கசிந்து போர்டில் பச்சை பிடித்திருந்தது. இரண்டாவது பெட்டி இன்னும் மோசம் என்பதால் அதைப் பலி கொடுத்து முதலாவதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி வழியாக பஸ் பிடித்து பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் கெபாசிட்டர் வாங்கினேன். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்து டிவி என்று கேட்டார். சேட்டிலைட் என்றேன். பாதி விலைக்குக் கொடுத்தார். பரிதாபமாகத்தான் இருக்க வேண்டும்.

கையேடு பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. எண்பத்து நான்கு பக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் வந்த எதையும் நடுவில் விட்டுப் பழக்கமில்லை. தீப்பெட்டி மேல் எழுதியிருப்பதைக்கூட முழுசாகப் படிப்பேன். அகராதியை வைத்துக்கொண்டு எண்பத்து நான்கு பக்கத்தையும் படித்து, என் அறைத்தோழனுக்குத் தமிழில் சொன்னேன். வேலை போகுமோ என்ற பயத்தில் இருந்தவன் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தது எழுபத்தொன்றாம் பக்கத்தில். ஆன்டெனாவின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

"எவம்டே அதுல போயி பெயிண்ட் அடிப்பான்? வெள்ளக்காரனுக்கு வேற சோலியே இல்லபோல" என்றான்.

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான்தான் அதிக நேரம் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் பெட்டி எரிந்தது. தீப்பிடித்து அல்ல, முகப்பில் பச்சை எழுத்து வந்தது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள். கீழே, பிடிபட்ட சேட்டிலைட்டுகள்: பூஜ்யம். நேரம் தெரியக் குறைந்தது நாலு சேட்டிலைட் வேண்டும். பேட்டரி செத்து எல்லாம் மறந்துபோன பெட்டி என்பதால் முதல் தேடலுக்குச் சில மணி நேரம் ஆகலாம் என்று கையேட்டில் இருந்தது. ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். காலையில் பூஜ்யம். இன்னொரு நாள். பூஜ்யம்.

மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் காளான் மாதிரி ஆன்டெனா. வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. சேட்டிலைட் சம்பந்தப்பட்ட சாமான் பின்னே வெள்ளி நிறத்தில் இல்லாமல் வேறெப்படி இருக்கும் என்று எனக்குப் பட்டது. ராக்கெட் படங்களில் எல்லாம் அப்படித்தானே. மேலே காக்கை எச்சம் இருந்தது. அதுதான் தடை என்று முடிவு கட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டு இறங்கினேன்.

பூஜ்யம்.

அடுத்து கேபிளைச் சந்தேகப்பட்டேன். முப்பது மீட்டரையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் கனெக்டரை மாற்றினேன். பலி கொடுத்த பெட்டியிலிருந்து ரிசீவர் போர்டை எடுத்து இதில் போட்டேன். யாரிடமாவது கேட்டால் நல்லது என்று நினைத்தது பெரிய தப்பு. மேஸ்திரி, அந்த சேட்டிலைட்டுகளே வயசாகிக் கீழே விழுந்திருக்கும் என்றார். காவலாளி கன்னடக்காரர், சந்திரசூடேஸ்வரர் மலை மறைக்கிறது என்றார். மலை இருந்தது எங்களுக்கு எதிர்த்திசையில், பல கிலோமீட்டர் தள்ளி. அதிகாரி கருத்து எதுவும் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, "எத்தனை?" என்று மட்டும் கேட்பார். "ஜீரோ சார்" என்பேன். சந்தோஷமாக மாடி ஏறுவார். அவர் ஒரு நாளைத் தொடங்குவதற்கு நான் எவ்வளவு உதவினேன் என்று அவருக்கே தெரியாது.

இடையில் ஒரு நாள் கெலமங்கலம் தாண்டி இருக்கிற எங்கள் ஊருக்குப் போனேன். அப்பா தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்ன வேலை பார்க்கிறாய் இப்போது என்றார். சேட்டிலைட்டைப் பிடிக்கிற கடிகாரம் என்றேன்.

"மழ எப்ப வரும்னு சொல்லுமா?"

"சொல்லாதுப்பா. டைம் மட்டும்தான்."

"அதுக்குத்தான் மேல சூரியன் இருக்குதே" என்றார். அந்த வாரக் கணக்குப்படி சூரியன் என் பெட்டியைவிட நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. அறையில் என் தோழன் டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கிவிட்டான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவான். ஊருக்குப் போனால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி எண்ணுகிற வேலை அவனுக்காகக் காத்திருந்தது. அதிலிருந்து தப்பித்துத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்ததே. "வே, நீரு செய்ய வேண்டியத செஞ்சாச்சு. விடும்" என்றான். மரியாதை கொடுத்துப் பேசினால் அவன் நம்பிக்கையை விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமாம். அவர் கையில் சில்வர் பெயிண்ட் டப்பாவும் மூன்று அங்குல பிரஷும். ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனியில் வெயிலில் நிற்கிற எல்லாவற்றுக்கும் சில்வர் அடிப்பது அவர் வழக்கம். தண்ணீர்த் தொட்டி, குழாய், மோட்டார், சங்கு, கொடிக்கம்பம். அசையாமல் நிற்கிற எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஒரு வருஷம் மேனேஜரின் ஸ்கூட்டர் மூன்று நாள் அசையாமல் நின்று அதன் ஸ்டாண்ட் வெள்ளியானது.

தொட்டியை முடித்துவிட்டு ஏணியை ஆன்டெனாக் குழாய்க்கு நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். ஏறினார். காளானின் தலையில் பிரஷை வைக்கப் போனார்.

"அதுக்குமாண்ணா?" என்றேன்.

"வருஷா வருஷம் ரெண்டு கோட் குடுக்கறம்பா. வந்தப்ப வெள்ளையா அசிங்கமா இருந்துச்சு. பிளாஸ்டிக்கு. பாரு, இப்ப சேட்டிலைட்டு மாதிரியே இருக்குது."

நான் ஏணியை விட்டுவிட்டேன். மேஸ்திரி குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கி, என் பரம்பரையை விசாரித்தார். அவர் இறங்கியதும் நான் ஏறிப் பார்த்தேன். பிரஷ் எட்டாத அடிப்பாகத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. மீதி முழுக்கப் பத்து வருஷத்து அலுமினியப் பொடி, வருஷத்துக்கு இரண்டு கோட். சேட்டிலைட்டின் சிக்னல் என்ன, சேட்டிலைட்டே நேரில் வந்து தட்டினாலும் உள்ளே கேட்காது. வானத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நாங்கள் ஒரு அலுமினிய டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தோம். நான் அதைத் துணி போட்டுப் பளபளப்பாக்கி இருந்தேன்.

தின்னர் ஊற்றினால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் சவர பிளேடால் சுரண்டினோம். நானும் என் அறைத்தோழனும் மாறி மாறி ஒன்றரை நாள். கிட்டத்தட்ட இருபது கோட், வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக வந்தது. அவன் சுரண்டிய வேகத்தைப் பார்த்தால், பெர்மனென்ட் ஆர்டர் அந்த பெயிண்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்று நினைத்த மாதிரி இருந்தது. மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. பூஜை நேரத்தில் அது மட்டும் மொட்டையாக நின்றால் நன்றாக இருக்குமா என்றார். சந்தனப் பொட்டு ஒன்றும் குங்குமம் கொஞ்சமும் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனது. குங்குமத்தைப் பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

சுரண்டி முடித்து இருபது நிமிடத்தில் ஒன்று. பிறகு இரண்டு. கொஞ்ச நேரம் இரண்டிலேயே நின்று எங்களை வதைத்துவிட்டு, நான்கு, ஐந்து. கோடுகள் மறைந்து நேரம் வந்தது. என் அறைத்தோழன் அந்தப் பச்சை எண்கள் மாறுவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூஜை முடிந்த திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் கேட் கேபினில் பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, கேபிளையும் அதுவரை இழுத்து மாட்டி, அதிகாரியை அழைத்து வந்தோம். பஞ்சிங் மெஷின் பெட்டியைவிட நான்கு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி நேரத்தைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுன்னு போட்டிருக்குது. வருஷமே தெரியாத பெட்டிக்கு நிமிஷம் தெரியுமா?"

விளக்கினேன். சேட்டிலைட் வாரங்களை எண்ணுகிறது. ஆயிரத்து இருபத்து நான்கு வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. அது இந்தப் பழைய பெட்டிக்குத் தெரியாது. அதனால் தேதி பத்தொன்பதரை வருஷம் பின்னால் போகும். கிழமையும் மணியும் நொடியும் தப்பாது. பாருங்கள், திங்கள் என்றுதான் காட்டுகிறது.

"எண்பத்தாறுல இவனுக்கு என்ன வயசு?" என்று என் அறைத்தோழனைக் காட்டிக் கேட்டார்.

"மூணு சார்."

"அப்ப இந்தப் பெட்டி கணக்குப்படி குழந்தைத் தொழிலாளி. உள்ளயே விடக் கூடாது."

ஒரு மாத உழைப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் காவலாளியின் டிரான்சிஸ்டர் கரகரத்தது. தினமும் காலையில் அவர் கன்னடப் பாட்டு கேட்கிற ரேடியோ. பாட்டு நின்று, மணி அடிப்பதற்கு முன்னால் வருகிற பீப் ஒலி வந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் பெட்டியில் ஒரு நொடி விழுந்தது. கடைசி நீளமான பீப்பில் பெட்டி சரியாகப் பத்து மணி என்றது. பஞ்சிங் மெஷின் பத்து நாலு என்றது. காவலாளி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

நூறு ரூபாய் ரேடியோ அத்தனை வருஷமும் அந்த மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சரியான நேரத்தைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. காவலாளியின் ரேடியோவைச் சாட்சியாக அதிகாரி ஒருநாளும் ஏற்றிருக்க மாட்டார், சேட்டிலைட் வேண்டும். சேட்டிலைட்டை நம்புவதற்கு அவருக்குக் காவலாளியின் ரேடியோ வேண்டியிருந்தது.

நான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கரண்ட் போய் வந்தால் மெஷினுக்கு நேரம் வைப்பது காவலாளி. "ஸ்வல்பம் முந்தி இருந்தா நல்லதுதான சார். எங்க வீட்டுலயும் அப்பிடித்தான் வெப்போம்" என்றார். நல்ல எண்ணத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்.

கார்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது லேட்டில் ஏழு மார்க், மணி எட்டு ஒன்றுக்கும் எட்டு நாலுக்கும் இடையில். மீதி இரண்டும் எட்டேகாலுக்கு மேல். அவை அவன் நிஜமாகவே தூங்கிய நாட்கள், சேட்டிலைட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஏழு மார்க்கையும் கோடு போட்டு அடித்தார்கள். ஃபைல் இரண்டோடு பெங்களூருக்குப் போனது. தீபாவளிக்கு முந்தின நாள் ஆர்டர் வந்தது. இனி எல்லாருக்கும் ஐந்து நிமிடம் சலுகை என்று அதிகாரி நோட்டீஸும் ஒட்டினார், தன் பெருந்தன்மையைப் பற்றி இரண்டு வரி சேர்த்து. பஞ்சிங் மெஷினையும் சங்கையும் என் பெட்டியின் துடிப்பில் இணைக்கச் சொன்னார். இணைத்தேன். ஓசூரிலேயே மைக்ரோ செகண்ட் சுத்தமாகச் சங்கு ஊதி க்ளாம்ப் செய்த ஒரே கம்பெனி எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அசெம்பிளி செக்‌ஷன் அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். உத்தனப்பள்ளிக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் இருபத்து நான்கு பேர் எங்களிடம் வேலை செய்தார்கள்.

"ஏன் தம்பி, உன் சேட்டிலைட்டு எங்கள ராயக்கோட்ட பஸ்ல ஏத்தி உடுமா?"

அப்போதுதான் உறைத்தது. மெஷினைப் பார்த்துக் காவலாளி ஊதுகிற நாலரைச் சங்கு இத்தனை நாளும் நிஜத்தில் நாலு இருபத்தாறுக்கு ஊதியிருக்கிறது. கை கழுவி, வரிசையில் நின்று கார்டு அடித்து வெளியே வந்தால் நாலு முப்பத்தைந்து பஸ் சரியாக வரும். இப்போது கார்டு வரிசை பாதியில் இருக்கும்போதே பஸ் போகிறது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஆடு மாடு, அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போயின. பஸ் டிரைவர் சேட்டிலைட்டுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அதிகாரியிடம் போனார்கள். அவர் ஒரு வாரத்தில் சேட்டிலைட் பக்தராகிவிட்டிருந்தார். "சரியான டைமை மாத்தச் சொல்ல நான் யாரு?" என்று கேட்டார்.

நான்கு நிமிடம் நீயே கூட்டி வை என்றார் அக்கா. கையேட்டைப் புரட்டினேன். அந்தப் பெட்டியில் நேரத்தை நகர்த்த ஒரே ஒரு வழிதான் இருந்தது: கேபிள் நீளத்துக்காகச் செய்கிற திருத்தம். அந்த வழியில் நான்கு நிமிடம் நகர வேண்டும் என்றால் கேபிள் நாலு கோடியே எண்பது லட்சம் கிலோமீட்டர் இருக்க வேண்டும். சூரியனுக்குப் போகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்களிடம் இருந்தது முப்பது மீட்டர்தான். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் என்று என் மேல் அதுவரை இருந்த மரியாதை இறங்கிப்போனது.

இரண்டு மாதம் அப்படியே போனது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு. சேட்டிலைட்: பூஜ்யம். வானம் தெரியாமல் ஒரு நாள் போனால் அந்தப் பெட்டி துடிப்பை நிறுத்திக்கொள்ளும். தனக்குத் தெரியாத நேரத்தைச் சொல்லாது. எங்கள் கம்பெனியில் அந்தக் குணம் அதற்கு மட்டும்தான் இருந்தது. மறுநாள் மெஷின் மறுபடி காவலாளி கைக்கு வந்தது. அவர் வழக்கம்போல நல்ல எண்ணத்தோடு நேரம் வைத்தார். சாயங்காலம் உத்தனப்பள்ளி ஆட்கள் எல்லாரும் நாலு முப்பத்தைந்தைப் பிடித்தார்கள்.

அதிகாரி என்ன ஆயிற்று என்று கேட்டார். பழைய மெஷின் சார், பார்க்கிறேன் என்றேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். காளான் புது வெள்ளியாகப் பளபளத்தது. இந்த முறை அடிப்பாகத்தையும் விடவில்லை. ஏணி பிடித்தவன் யார் என்று எனக்குத் தெரியும். இப்போது பெர்மனென்ட் ஆளாகிவிட்ட என் அறைத்தோழன், சட்டைக் கையில் வெள்ளித் தெறிப்போடு அறைக்கு வந்து, "பொங்கலுக்கு அடிச்சதாம்டே" என்று சொன்னான். டப்பாவுக்கு உத்தனப்பள்ளி ஆட்கள் எல்லாரும் பங்கு போட்டிருக்கிறார்கள், நீயும் கொடு என்றான்.

அரை லிட்டர் சில்வர் பெயிண்ட் எழுபத்தெட்டு ரூபாய். இருபத்தாறு பேர், தலைக்கு மூன்று ரூபாய். என்னுடையதும் அதில் சேர்த்தி.